கைவினைப் பொருள் வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: சென்னையிலிருந்து சில விடைகள்

திருவான்மியூரில் நாங்கள் வசிக்கும் அடுக்ககத்தில் சில குடும்பங்கள் சேர்ந்து, பண்டிகைக்கும் திருமணத்துக்கும் வேண்டிய சேலை, பாய், பொம்மை, பாத்திரம் ஆகியவற்றைக் கூடியவரை செய்தவரிடமிருந்தோ, அவர்களுடைய கூட்டுறவுச் சங்கத்திடமிருந்தோ வாங்கி வருகிறோம். புதிதாகச் சேர்பவர்கள் ஏறத்தாழ ஒரே கேள்விகளைக் கேட்பதால், அவற்றையும் எங்களுக்குத் தெரிந்த விடைகளையும் இங்கே எழுதி வைக்கிறேன். சில விடைகள் ஏமாந்து கற்றவை.

அறம் சார்ந்து வாங்குதல் என்கிறீர்களே, அது விலை கூடிய பொருளாகப் பார்த்து வாங்குவதுதானா?

இல்லை. விலை கூடிய பொருளிலும் செய்தவருக்குப் போய்ச் சேரும் கூலி சொற்பமாக இருக்கலாம். நாங்கள் கடையில் மூன்று விவரங்களைக் கேட்கிறோம்: இதை யார் செய்தது, எதனால் செய்தது, பழுதானால் யார் சரிசெய்வார்கள். முதல் இரண்டுக்கும் விற்பனையாளர் ஏதாவது சொல்லிவிடுவார். மூன்றாவதைக் கேட்டதும் பெரும்பாலும் மேலாளரைக் கூப்பிடுவார். ஆனால் சூழலுக்கு உகந்த வடிவமைப்பு என்று பெரிதாகப் பேசப்படுவதன் பாதி விஷயம் அந்த மூன்றாவது கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது. பிரம்பு நாற்காலியின் இருக்கை தொய்ந்தால் அதை மட்டும் பிரித்துப் பின்னித் தருவதற்கு இந்த நகரத்தில் இன்னும் ஆள் உண்டு. அச்சில் வார்த்த நெகிழி நாற்காலிக்குக் கால் முறிந்தால் அதன் கதை அன்றோடு முடிந்தது.

கடையில் நிற்கும்போதே ஒரு சேலை கைத்தறியா விசைத்தறியா என்று கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும், ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றும் குறிப்புகளை முழுதாக நம்ப வேண்டாம். ஓரத்தில் ஊசித் துளைகள் இருந்தால் அது கைத்தறிதான் என்பார்கள். நெய்யும்போது துணி சுருங்காதபடி அகலவாக்கில் இழுத்துப் பிடிக்கும் முட்கள் விசைத்தறியிலும் உண்டு என்பதால், அந்தத் துளைகளை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது.

பட்டுச் சேலையாக இருந்தால் அதைப் பிரித்து உட்புறம் மேலே வருமாறு போட்டு, உடலும் கரையும் சேரும் இடத்தைப் பாருங்கள். காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில், குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் நாடா உடலுக்கு ஒன்றும், இரு கரைகளுக்கும் தனித்தனியாகவும் என மூன்று ஓடும். உடலின் ஊடை நூலும் (அந்தக் குறுக்கு நூல்தான் ஊடை) கரையின் ஊடை நூலும் ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒன்றையொன்று கோர்த்துக்கொண்டு திரும்பும். ஆகவே பின்பக்கத்தில் அந்த இணைப்பு நெடுகிலும் விரலுக்குத் தட்டுப்படும் ஒரு மெல்லிய மேடு இருக்கும். கரையின் நிறத்தில் உடலின் நிறம் கலந்திருக்காது. ஒரே ஊடை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடிய சேலையாக இருந்தால், அரக்கு நிறக் கரையை வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்தவுடன் உடலின் பச்சை அதற்குள்ளிருந்து மின்னும். முந்தானைக்கு வேறு நிறப் பாவு நூலை, அதாவது நீளவாக்கில் ஓடும் நூலை, சேர்க்கும் 'பெட்னி' வேலை இருந்தால், இரு பாவுகளின் நூல்களும் பிணைந்த இடத்தில் சற்றுத் தடித்த பட்டை ஒன்று தெரியும்.

கோர்வை இல்லாத சேலையெல்லாம் விசைத்தறி என்று இதற்குப் பொருளில்லை. கோர்வை இல்லாமலும் கைத்தறியில் ஏராளமாக நெய்கிறார்கள். கோர்வை என்று சொல்லி அதற்குரிய விலை கேட்கும்போது, அது உண்மையில் கோர்வைதானா என்று பார்க்க இந்தச் சோதனை உதவும்.

பருத்தியில் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். நகரத்தில் நடந்த ஒரு கண்காட்சியில் பவானிக் கைத்தறி என்று அட்டை தொங்கிய ஜமக்காளம் ஒன்றை நான் வாங்கி வந்தேன். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்திருந்த உறவினர் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு லேசாகவா இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். பருமனான நூலை நெருக்கி அடித்து நெய்த ஜமக்காளத்தை மடித்துத் தூக்குவதற்கே இரண்டு கை வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஜமக்காளம் உட்பட 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி வைக்கும் சட்டம் 1985 முதல் இருக்கிறது. அது இருந்தும் அந்த அட்டை தொங்கியது.

முத்திரை இருந்தால் போதாதா?

எந்த முத்திரை என்பதைப் பொறுத்தது. 2004-இல் வந்த சில்க் மார்க், நூல் அசல் பட்டு என்பதற்கு மட்டும் சான்று. விசைத்தறியில் நெய்த பட்டுச் சேலையும் நேர்மையாகவே அதைப் பெறலாம். நம் ஆட்கள் பெரும்பாலோர் குழம்புவது இங்கேதான். 2006-இல் வந்த கைத்தறி முத்திரை, துணி கையால் நெய்யப்பட்டது என்கிறது; நூல் பட்டா பருத்தியா என்பது அதன் கவலையன்று. புவிசார் குறியீடு, பொருள் குறிப்பிட்ட ஊருக்கும் முறைக்கும் உரியது என்பதைச் சொல்கிறது. அதற்கான சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதற்குமான பதிவகம் இங்கே கிண்டியில் இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டு, பவானி ஜமக்காளம், மதுரைச் சுங்குடி, பத்தமடைப் பாய், சுவாமிமலை ஐம்பொன் சிலை என்று தமிழ்நாட்டுப் பட்டியல் நீளமானது.

இவற்றில் எதுவுமே நெய்தவருக்கு நியாயமான கூலி கிடைத்தது என்று சொல்வதில்லை. அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

விலை ஏன் இவ்வளவு? பேரம் பேசலாமா?

கோர்வைத் தறியில் நெய்பவர் ஒருவரும், மறுபக்கத்துக் கரையின் நாடாவைத் தள்ளித் தரும் துணையாள் ஒருவரும் வேண்டும். பெரும்பாலும் அந்தத் துணையாள் வீட்டிலுள்ள பெண், அவருக்கெனத் தனிக் கூலி எழுதப்படுவதில்லை. வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலைக்குப் பத்து நாளோ இருபது நாளோ அதற்கு மேலோ ஆகும். அதற்கு முன்பே சாயம் தோய்த்தல், பாவு ஓட்டுதல், பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போடுதல், இழை இழையாகப் பிணைத்தல் என்று பலருடைய உழைப்பு முடிந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் பாவைத் தெருவில் நீட்ட முடியாது. குழித்தறியின் குழியில் நீர் ஊறிவிட்டால் நெய்பவர் கால் வைத்து உட்காரவே முடியாது. அந்த நாட்களுக்குக் கூலி இல்லை.

2019-20-இல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நெசவிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருப்பதாகவும், நெசவுக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே ஈட்டுவதாகவும் காட்டியது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, புரசைவாக்கத்துப் பக்கம் தெருவோரத்தில் அகல்விளக்கு விற்கும் மூதாட்டியிடம் டஜனுக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்ல நாக்கு எழாது. மறுபுறம், குளிரூட்டப்பட்ட பெரிய கடையில் தாராளமாகப் பேரம் பேசுங்கள். அங்கே நீங்கள் குறைப்பது தறிக்காரரின் கூலியை அன்று, அது ஏற்கெனவே கொடுத்து முடிந்த ஒன்று. கூட்டுறவு விற்பனை நிலையங்களில் விலை எழுதி ஒட்டியிருப்பதால் பேரத்துக்கு வேலையில்லை. தீபாவளி போன்ற காலங்களில் அங்கே தரப்படும் தள்ளுபடிக்கு அரசு மானியம் உண்டு என்பதால் தயங்காமல் பயன்படுத்திக்கொள்ளலாம்.

சென்னையில் எங்கே வாங்கலாம்?

எழும்பூர் பாந்தியன் சாலையில் தலைமையிடம் கொண்ட கோ-ஆப்டெக்ஸ் 1935 முதல் இருக்கிறது; நெசவாளர் சங்கங்களின் சங்கம் அது. அண்ணா சாலையில் பூம்புகார் விற்பனை நிலையம் உண்டு. அதை நடத்தும் கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் 1973-இல் தொடங்கப்பட்டது. அங்கே சிலை வாங்குபவர்கள், அது மெழுகு வார்ப்பா (மெழுகில் உருவம் செய்து, அந்த அச்சில் உலோகத்தை வார்ப்பது), எந்த ஊரில் செய்தது என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குவது நல்லது. முட்டுக்காட்டில் 1996 முதல் இயங்கும் அருங்காட்சியகமான தட்சிணசித்ராவில் கைவினைஞர்கள் உட்கார்ந்து வேலை செய்வதைப் பார்க்கலாம். குழந்தைகளை அழைத்துப் போக அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது. கலாக்ஷேத்ராவின் நெசவுக் கூடம் 1930களில் தொடங்கியது. பொம்மைக்கும் மண்பாண்டத்துக்கும் கொசப்பேட்டை. அதையடுத்திருப்பது சூளை, இரண்டு ஊர்ப் பெயரிலுமே தொழில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த நகரத்தை வெறும் சந்தை என்று நினைக்கிறோம். சிந்தாதிரிப்பேட்டை 1734-இல் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில், கூவம் வளைந்து ஓடும் நிலத்தில், நெசவாளர்களையும் நூற்பவர்களையும் குடியமர்த்துவதற்கென்றே அமைத்த பேட்டை. 'சின்னத் தறிப் பேட்டை' என்பதே அப்படி மருவியது என்பார்கள். தறி போய் மீனங்காடி வந்துவிட்டது.

இடைத்தரகரைத் தவிர்த்து, காஞ்சிபுரத்துக்கே போய் நெசவாளர் வீட்டில் வாங்குவதுதானே சரி?

சில வேளை சரி, எப்போதும் அன்று. கூலிக்கு நெய்பவரின் தறியில் இருக்கும் பட்டும் சரிகையும் அவருடையவை அல்ல. அவற்றைக் கொடுத்த முதலாளிக்கோ சங்கத்துக்கோ உரியவை. அந்தச் சேலையை உங்களுக்கு விற்கும்படி வற்புறுத்தினால் அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடுகிறீர்கள். மேலும் நூல் வாங்க முன்பணம் போடுவதும், விற்காத சேலையின் நட்டத்தைத் தாங்குவதும் இடையில் இருப்பவர்தான். நல்ல இடையாளர்களும் இருக்கிறார்கள். சொந்தப் பாவு போட்டு நெய்பவரிடம் நேரடியாகவும், மற்றவர்களிடம் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கத்தின் வழியாகவும் வாங்குவது எங்கள் வழக்கம். பேருந்து நிலையத்திலிருந்தே கூட வந்து "நெசவாளர் வீட்டுக்கு அழைத்துப் போகிறேன்" என்பவரோடு போவதில்லை.

இயற்கைச் சாயம் என்று எழுதியிருந்தால் நம்பலாமா?

சந்தேகத்தோடு நம்பலாம். அவுரி நீலம் இன்றும் திண்டிவனம் பக்கத்தில் பயிராகிறது. கடுக்காயில் ஊறவைத்த துணியில் படிகாரத்தின் துணையோடு மஞ்சிட்டிச் சிவப்பு நன்றாகப் பிடிக்கும். ஆனால் கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பும் கிளிப்பச்சையும் ஒரே கடையில் அடுக்கடுக்காக, ஒரே அச்சாக இருந்தால் அவை தாவரத்திலிருந்து வந்தவையல்ல. சாயம் இயற்கையானதாக இருந்தாலும், நிறம் பிடிக்கச் சேர்க்கும் உலோக உப்பு எது என்று கேட்க வேண்டும்; படிகாரத்தால் தீங்கு குறைவு, குரோமிய உப்பு அப்படியன்று.

நிறம் போவதைக் குற்றமாகவே பார்க்கிறோம். 1950களின் இறுதியில் அமெரிக்காவுக்குப் போன நம் மெட்ராஸ் கட்டத்துணி, ஒவ்வொரு சலவைக்கும் நிறம் கசிந்து புது நிறம் காட்டியதால், கசிவதே அதன் பெருமை என்று சொல்லி விற்கப்பட்டது. எல்லாச் சேலையும் அப்படிக் கசிய வேண்டியதில்லை. முதல் மூன்று முறை தனியாகத் துவைப்பதில் யாருக்கும் இழப்பும் இல்லை.

செயற்கைச் சாயம் எல்லாமே பாவம் என்றும் நான் நினைக்கவில்லை. கழிவுநீர் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. நொய்யலில் சாயநீர் கலந்ததால், 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டிய நிலை வந்தது. அங்கே தைத்த மலிவுப் பனியனை நாம் எல்லோருமே போட்டிருந்தோம்.

கொலு பொம்மையில் களிமண்ணா, காகிதக் கூழா, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸா?

விநாயகர் சிலை நீரில் கரைக்கப்படுவது. ஆகவே அதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கூடவே கூடாது, களிமண் மட்டும்தான். கொலு பொம்மை பரணில் ஏறி முப்பது ஆண்டுகள் இருக்கப் போவது என்பதால் கணக்கு வேறு. களிமண் பொம்மை கனம். கை தவறினால் போயிற்று. காகிதக் கூழ் லேசானது, ஆனால் ஈரத்தையும் பூச்சியையும் தாங்காது. நாங்கள் சுட்ட மண் பொம்மையையே தேர்ந்தெடுக்கிறோம். மூக்கு உடைந்தாலும் அதே பொம்மைக்காரரிடம் ஒட்டி வண்ணம் பூசி வாங்கலாம்.

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் நவராத்திரிக்கு முந்தைய வாரம் பேரம் பேசுவதைவிட, ஆடியிலேயே கொசப்பேட்டைக்குப் போய்ச் சொல்லிவைப்பது இரு தரப்புக்கும் நல்லது. ஏரி மண் கிடைப்பதே பெரும்பாடு. அச்சில் ஒற்றியதை மழைக்கு முன்பு காயவைத்துச் சூளையில் அடுக்கியாக வேண்டும். ஆடியில் தரும் முன்பணம் மண்ணாகவும் விறகாகவும் மாறும். நவராத்திரியில் தருவது கடன்காரருக்குப் போகும்.

ஈயச் சொம்பு, கல்சட்டி போன்றவற்றை இந்தக் காலத்தில் பயன்படுத்தலாமா?

ரசத்துக்கான ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. காரீயம் நஞ்சு. தமிழில் இரண்டுக்கும் 'ஈயம்' என்ற ஒரே சொல் புழங்குவது விற்பவருக்கு வசதியாகப் போய்விட்டது. 'வெள்ளீயம்' என்று ரசீதில் எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால், புளிக்கரைசலை ஊற்றிய பிறகே சொம்பை அடுப்பில் வைக்க வேண்டும். வெறும் சொம்பை வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தால் திரும்பி வரும்போது அது குழைந்து கிடக்கும்.

கல்சட்டியை வாங்கியதும் எண்ணெயும் மஞ்சளும் தடவி, பிறகு சில நாட்கள் சூடான சோற்றுக் கஞ்சியை ஊற்றிப் பழக்க வேண்டும். பழகிய சட்டியில் வைத்த வத்தக்குழம்பு அடுப்பை அணைத்த பிறகும் நெடுநேரம் கொதிக்கும். சூடாக இருந்த சட்டியில் தண்ணீரை ஊற்றி ஒன்றை விரிசல் விடச் செய்தவள் நான், குற்றம் சட்டியுடையதன்று. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் தெருவில் குரல் கொடுத்தால், அவருடைய எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பட்டுப் புடவையை எடைக்குப் போடலாமா?

அசல் சரிகையாக இருந்தால் காசு கிடைக்கும். வாங்குபவர் புடவையை எரித்து வெள்ளியை எடுத்துக்கொள்வார். இருபது நாள் நெசவு சாம்பலாகும். இற்றுப்போகாத புடவை என்றால், கரையை எடுத்து வேறு துணியில் வைத்துத் தைக்கலாம், கிழிசலை இழையோடி அடைக்கும் ரஃபூ செய்யலாம், பாவாடை தைக்கலாம். அதன் பிறகு எடைக்குப் போட்டாலும் மனம் உறுத்தாது.

நாம் விரும்பும் வடிவத்தில் செய்து தரச் சொல்வது பாரம்பரியத்தைக் கெடுப்பதாகாதா?

கைவினைஞர் எப்போதுமே கேட்பவருக்காகச் செய்தவர்தான். பத்தமடையில் பாய் நெய்பவர்கள் இன்று பைகளுக்கும் மேசை விரிப்புகளுக்கும் நெய்து தருகிறார்கள். அதனால் பாய் குறைந்துவிடவில்லை, தறி ஓடுகிறது. கெடுப்பது வேறு: தாளில் ஒன்றை வரைந்து கொடுத்து, பாதி வேலையில் மனம் மாறி, வேண்டாம் என்று சொல்வது, செய்தவரின் மாதிரியை எடுத்துப்போய் விசைத்தறியில் ஆயிரம் அடித்துக்கொள்வது. முதலாவதை நல்லவர்களே செய்கிறார்கள்.

எனவே சொல்லிச் செய்வதற்கு எங்களிடம் சில விதிகள் உண்டு. பாதித் தொகை முன்பணம். தேதியைக் கைவினைஞர் சொல்வார், நாங்கள் சொல்வதில்லை. எங்கள் பிழைக்கு அவர் பொறுப்பில்லை. மிக மெல்லிய பத்தமடைப் பாய்க்குக் கோரையை நீரில் ஊறவைத்து, மயிரிழையாகக் கத்தியால் வகுந்து, சாயமேற்றி, பிறகே நெய்ய வேண்டியிருப்பதால், திருமணத்துக்கு மணமக்கள் பெயர் நெய்த பாய் வேண்டுமென்றால் மூன்று நான்கு மாதம் முன்னதாகச் சொல்கிறோம். பெயரைத் தெளிவாக எழுதிக் கொடுங்கள், இரண்டு பேர் படித்துப் பார்த்த பிறகு கொடுங்கள். எங்கள் வீட்டுத் திருமணத்தில் நான் அவசரமாகக் கிறுக்கிக் கொடுத்த சீட்டில் மணமகன் பெயரின் 'ர' பார்ப்பதற்கு 'ற' போலவே இருந்தது. பாய் 'ற'வோடு வந்தது. முழுத் தொகையையும் கொடுத்தோம். மாப்பிள்ளை இன்றும் அதில்தான் மதியம் படுக்கிறார்.